மிக்சிக் கடை மாமா

அப்பா நெல் அறுக்கும் மெஷின் ஓட்டினார். எங்கள் ஊர் புவனகிரி. எனக்குப் பத்து வயதில் அவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். கடலூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். இனிமேல் குடித்தால் ஆள் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளம்பும்போது ஒரு நர்ஸ் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள். சிதம்பரத்தில் ஒரு கூட்டம் நடக்கிறது, குடியை விட்டவர்களே சேர்ந்து நடத்துகிறார்கள், அங்கே அனுப்பு என்றாள். எந்த இடம் என்று அவளுக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்குப் படிக்க வராது. போர்டு படிக்க என்னைக் கூட்டிப் போனாள். நாலு வீதியும் சுற்றிப் படித்தேன். நகைக் கடை, பாத்திரக் கடை, லாட்ஜ் எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை. அந்தக் கூட்டத்துக்குப் போர்டு வைப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. வழி தெரிந்தவனும் சொல்ல மாட்டான். சொன்னால் அவனும் குடித்தவன் என்று ஆகிவிடும்.

கடைசியில் அம்மா ஒரு டீக்கடையில் கேட்டாள்.

“அண்ணே, குடிய நிறுத்தறதுக்கு இங்க எங்கியோ கூட்டம் போடறாங்களாமே, எந்தப் பக்கம்?”

“குடிக்கிற எடம் கேளும்மா, நாலு காட்டறேன். நிறுத்தற எடம் எனக்கெப்படித் தெரியும்?”

எல்லோரும் சிரித்தார்கள். பெஞ்சில் இருந்த ஒருவன், “வூட்டுக்காரருக்கா, ஒனக்கா?” என்றான். மறுபடியும் சிரித்தார்கள். ஓரமாக நின்று டீ குடித்த ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. தலையையும் தூக்கவில்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். தெருமுனை திரும்பியதும் அந்த ஆள் சைக்கிளில் வந்தார். எங்களுக்கு முன்னால் இறங்கி, செயின் கழன்ற மாதிரி குனிந்துகொண்டார்.

“மாதா கோயிலு பின்னாடி ஒரு ஸ்கூலு இருக்கு. ஞாயித்துக்கெழம நாலு மணி, கடைசி ரூமு. நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லாதம்மா.”

டீக்கடைக்காரனிடம் சொல்லக்கூடாது என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா போனார். அந்த ஆளும் அங்கே இருந்திருக்கிறார். மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்ப்பவர். அப்பாவுக்கு அவர் மச்சான் ஆகிவிட்டார், எனக்கு மாமா. பஸ் ஸ்டாண்டுக்கும் அந்த ஸ்கூலுக்கும் நடுவில் ஒரு ஒயின் ஷாப். அதைத் தாண்டுவதுதான் அப்பாவுக்குப் பெரிய பாடு. அதனால் மாமா ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்பார். கையைப் பிடித்துக் கடை வாசலைத் தாண்டி அழைத்துப் போவார். திரும்பும்போது பஸ் ஏற்றிவிடுவார்.

ஆறு மாசம் அப்பா குடிக்கவில்லை. எனக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தார். கை நடுங்காமல் போட்டார்.

தீபாவளிக்கு முன்னால் துணி எடுக்க அம்மாவோடு சிதம்பரம் போனேன். ஜவுளிக் கடையில் மாமா இருந்தார். அவர் சம்சாரம், பெரிய பெண், மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேர். அந்தப் பெண்ணின் நிச்சயத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர்கள். நான் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைத் தெரியாத மாதிரி பார்த்தார். மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று ஞாபகப்படுத்தினேன்.

“நாந்தான் மாமா. குடிய நிறுத்தற கூட்டத்துக்கு வழி சொன்னீங்களே! நீங்க குடிய வுட்டு ஆறு வருசமாமே, எங்கப்பா சொன்னாரு. அவரும் ஆறு மாசமா குடிக்கல.”

மாப்பிள்ளையின் அம்மா கையில் இருந்த புடவையைக் கீழே வைத்தாள். அவர் சம்சாரம் தரையைப் பார்த்தாள். மாமா என் தலையில் கை வைத்து, “அப்டியா, சந்தோசம்மா” என்றார். அம்மா வந்து என் முதுகில் ஒன்று வைத்து வெளியே இழுத்துப் போனாள். திரும்பிப் பார்த்தபோது அந்த நாலைந்து பேரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்குள் ஓடியதற்கு அடி என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. கூட்டத்துக்கும் வரவில்லை. மிக்சிக் கடை பூட்டியிருந்தது. அப்பா தனியாகவே போனார். மூணு வாரம் ஒயின் ஷாப்பைத் தாண்டிவிட்டார். நாலாவது வாரம் தாண்டவில்லை. பொங்கலுக்குப் பழையபடி ஆகிவிட்டார். ஆடியில் செத்துப் போனார்.

அந்தக் கல்யாணம் அன்றைக்கே நின்றுபோனதை என் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் அம்மா சொன்னாள். மாமா குடிக்கவில்லையாம். வெளியே தலை காட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த மூணாவது ஞாயிறு சாயங்காலம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அப்பா திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“மச்சான் திரும்பவும் ஆரம்பிச்சிட்டாரு போலருக்குடி. ஆறு வருசம் இருந்தவரே நிக்க முடியலன்னா நானெல்லாம் எங்க?”

அம்மா அடுப்பில் இருந்து நிமிர்ந்தாள். காரணம் அவளுக்குத் தெரியும். சொன்னால் என்னையும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள்.

தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தேன். சொம்பில் மொண்டு கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பவும் அடுப்பை ஊதினாள்.