இமயமலைக்கு இடது பக்கம்

வெற்றிலை வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். வெற்றிலை மேல் தப்பில்லை, பாவம்.

எண்பதுகளின் ஆரம்பம். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். டெல்லிக்கு வந்து பன்னிரண்டு வருஷத்தில் நானும் என் மனைவியும் பார்த்த ஒரே மலை, மலை மந்திர் முருகன் உட்கார்ந்திருக்கும் குன்றுதான். அதையே நான் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவேன். அப்பேர்ப்பட்டவனுக்கு கௌஹாத்திக்கு விமானத்தில் போகும் யோகம் வந்தது. குமாஸ்தாவுக்கு விமானம் ஏறும் அந்தஸ்து கிடையாது. ஆனால் அங்கே ஒரு மீட்டிங்குக்குப் போகும் எங்கள் மேலதிகாரிக்கு ஃபைல் மூட்டை சுமக்க ஒரு கழுதை தேவைப்பட்டது. விசேஷ அனுமதி வாங்கி, கழுதையும் பறந்தது.

மனைவி அட்லஸைக் கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தாள்.

"கிழக்கே போறீங்க. அப்ப வடக்கு எந்தக் கைப் பக்கம்? இடது. வலது பக்கம் உக்காந்து பீகார் வயலைப் பாத்துட்டு வந்து நிக்காதீங்க. எனக்கு எங்க கிடைக்கப் போகுது? பாத்ததை ஒண்ணு விடாம வந்து சொல்லணும்."

அந்த விமானத்தில் சீட்டுக்கு நம்பர் கிடையாது. முந்தினவனுக்கு இடம். ஏணி வைத்ததும் மூட்டையோடு ஓடினேன். இறக்கைக்கு முன்னால், இடது பக்கம், ஜன்னலோரம் காலி! பன்னிரண்டு வருஷ டெல்லி பஸ் புத்தி எங்கே போகும்? கைக்குட்டையை சீட்டில் போட்டுவிட்டு, மூட்டையை வைக்க இடம் தேடித் திரும்பினேன்.

"அடடே, எனக்கு இடம் போட்டு வெச்சிருக்கீரா! பேஷ்! உமக்கு இவ்வளவு சூட்டிகை உண்டுன்னு தெரியாமப் போச்சே, ஓய்!"

மேலதிகாரி கைக்குட்டையை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஆமாம் சார்" என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அந்த மாதம்தான் அவர் என் பிரமோஷனுக்கான ரகசிய அறிக்கையை எழுத வேண்டும்.

விமானம் கிளம்பியதும் ஜன்னல் மறைப்பை இழுத்து மூடினார். ஷூவைக் கழற்றினார். அந்தக் காலுறை துவைக்கப்பட்டு எத்தனை வாரமோ! பிறகு வெற்றிலை போட்டார். வாந்தி எடுப்பதற்கென்று முன் சீட்டில் வைத்திருந்த காகிதப் பையில் புளிச்சென்று துப்பி, "கொஞ்சம் பிடியும்" என்று என்னிடம் நீட்டிவிட்டு, வாய் பிளந்து தூங்கிப் போனார். பை வெதுவெதுப்பாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில், "இடது பக்கம் இமயமலை" என்று அறிவித்தார்கள். வலது பக்கத்துக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து முன்னும் பின்னும் எட்டிப் பார்த்து, "வாஹ்! வாஹ்!" என்றார்கள். ஒரு சர்தார்ஜி என் தோளைத் தட்டினார். "பாய் சாப், பர்தா உடாயியே நா!" மறைப்பைத் தூக்கச் சொல்கிறார். கை நீட்டினால் எட்டும்.

"சாப் சோ ரஹே ஹைன்" என்று, தூங்குகிறவரை எழுப்பக் கூடாதென்று, ரகசியக் குரலில் அவரை விரட்டினேன். நானேதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கௌஹாத்தியில் மீட்டிங் தொடங்குமுன் தேநீர். மேலதிகாரி அங்கிருந்தவர்களிடம் இங்கிலீஷில் பொழிந்தார். வெள்ளிப் பாளமாம், வரிசை வரிசையாகச் சிகரமாம், ஜென்மம் சாபல்யம் அடைந்ததாம். பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன ஓய், அப்படித்தானே?"

"யெஸ் சார்" என்றேன். அதோடு வாயை மூடியிருந்தால் மனுஷன். "சார் ஒண்ணை விட்டுட்டார். வெயில் பட்ட சிகரம் மட்டும் ரோஜா நிறத்தில் இருந்தது" என்று சேர்த்தேன். அவர் ஒரு நொடி முழித்தார். "கரெக்ட், கரெக்ட்!" என்றார். அவராவது தூங்கிக்கொண்டிருந்தார். விழித்திருந்த எனக்கு என்ன கேடு?

வீட்டில் மனைவி செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. "இடது பக்கம்தானே உக்காந்தீங்க?"

"இடது பக்கம்தான்" என்று ஆரம்பித்தேன். வெள்ளி, வரிசை, ரோஜா, எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். இந்தத் தடவை ஒரு சிகரம் கூடுதலாகவே இருந்தது.