வீட்டில் காட்டிவிட்டுச் சொல்கிறேன்

என் மனைவி கார் தள்ளியது ஒரே ஒரு முறைதான். ஆனால் அன்று அவள் கட்டியிருந்தது எங்கள் தறியில் நெய்த சரக்கிலேயே உயர்ந்த அரக்குப் பட்டு. இடம் வேலூர் சாலை. பார்வையாளர்கள் ஒரு டவுன் பஸ் நிறைய. அந்தக் காரை நான் விற்றுவிட்டேன். அந்தச் சம்பவத்தை அவள் விற்கவில்லை.

அடுத்து வாங்கியதும் யாரோ ஓட்டிக் களைத்த கார்தான். ஆனால் உள்ளே கம்ப்யூட்டர் இருப்பதாக விற்றவர் சொன்னார். இரண்டாயிரத்துப் பத்தை நெருங்கிக்கொண்டிருந்த அந்த வருடங்களில், ஆரணியில் கம்ப்யூட்டர் என்று சொன்னால் ஜாதகத்தைக்கூட மறு பேச்சில்லாமல் வாங்குவோம். கொஞ்ச நாளில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. கார் நன்றாகவே ஓடியது. விளக்கும் நன்றாகவே எரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரணமல்லூரில் என் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம்.

“அந்த விளக்கு அணையட்டும், ஏறிக்கிறேன். இல்லன்னா நான் பஸ்ல போறேன், நீங்க கார்ல வாங்க” என்றாள் மனைவி.

மணப்பெண்ணின் அத்தை பஸ்ஸிலும் மாமா காரிலும் தனித்தனியாக வந்து இறங்கினால், மண்டபத்தில் சாம்பாரைவிட அதுதான் அதிகம் பரிமாறப்படும்.

மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் பேட்டரி ஒயரைக் கழற்றினார், ஒரு டீ குடித்தார், ஒயரை மாட்டினார். விளக்கு அணைந்தது. “அவ்ளோதாங்க.” சேவூர் தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது. திரும்பி வந்தேன்.

“அது இன்னா கேக்குதுன்னு தெரியணும்னா ஸ்கேனர் மாட்டணுங்க. சென்னைல அவங்கவங்க சொந்தமாவே வாங்கி வச்சிகினு இருக்காங்க.”

“இப்ப வண்டி வழில நிக்குமா, நிக்காதா?”

“ஓடற வரைக்கும் ஓடுங்க.”

இதைவிடச் சுருக்கமான வேதாந்தத்தை நான் எங்கும் படித்ததில்லை. மனைவியிடம் போய்ச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

சொந்தமாக ஒன்று வாங்கினால் என்ன? எனக்கு யோசனை வந்தால் கூடவே படிப்பும் வந்துவிடும். ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து ஸ்கேனர் வகைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, எதையும் முடிவு செய்ய முடியாத அளவுக்கு அறிவு சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். அவருக்கும் தறிதான், பட்டு வியாபாரம்தான்.

“இன்னாத்துக்குங்க அது? ஜரிகை பாக்கற மெஷினு வந்துதே, இன்னா ஆச்சி? அது வர்ற வரைக்கும் எல்லாருதும் நல்ல ஜரிகையாதான் இருந்துது. தெரிஞ்சிகினா பேஜாருங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கல்யாணமும் இருந்தது. புடவை கொடுக்கச் சென்னை போனவன், கார் சாமான் விற்கும் கடை ஒன்றில் ஏறினேன். உள்ளங்கை அகலத்தில், சின்னத் திரையோடு ஒரு பெட்டி, அதிலிருந்து வால்போல ஒரு ஒயர். பிடித்துத்தான் இருந்தது. அங்கேதான் தொழில் புத்தி குறுக்கே வந்தது. எங்கள் வியாபாரத்தில் யாரும் கடையில் நின்று முடிவு செய்வதில்லை. நாலைந்து புடவைகளை எடுத்துப்போய் வீட்டில் காட்டி, பிடித்ததை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்புவார்கள். கட்டிய புடவையை மட்டும் நாங்கள் திரும்ப எடுக்க மாட்டோம். உலகத்தில் வேறு விதமாகவும் விற்பனை நடக்கும் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

“வீட்ல காட்டிட்டு சொல்றேங்க” என்றேன்.

கடைக்காரர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார், இது ஸ்கேனரு.”

“தெரியுதுங்க. பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடுவேன்.”

“இத்த வீட்ல யாரு சார் பாக்கணும்?”

“வீட்டம்மாதான்.”

அவர் பெட்டியை மேஜைமேல் வைத்தார். பிறகு என் பையைக் காட்டி, “உள்ள இன்னா?” என்றார். பையில் இன்னா என்று ஒருவர் கேட்டால் விரித்துக் காட்டாமல் இருக்க எங்களால் முடியாது. மயில்கழுத்து நிறப் புடவை ஒன்றில் அவர் கை நின்றது.

“நானும் வீட்ல காட்டிட்டு சொல்லட்டா, சார்?”

பெட்டி ஆரணிக்கு வந்தது. புடவை அங்கே தங்கியது.

பெட்டியை மாட்டும்போது மெக்கானிக், பக்கத்து வீட்டுக்காரர், பாதித் தெரு எல்லாம் காரைச் சுற்றி நின்றது. திரையில் வந்ததை உரக்கப் படித்தேன்: ஆக்சிஜன் சென்சார், சர்க்யூட் கோளாறு.

“ஐயோ, ஆக்சிஜன் வைக்கிற அளவுக்கா போயிடுச்சி?” என்றாள் மனைவி.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, சென்சார் ஒயரைத் தேடிக் கையை உள்ளே விட்டார். கையோடு ஒரு எலிக்கூடு வந்தது. எலி வெளியூர் போயிருந்தது. கூடு முழுக்கப் பட்டு நூல் கழிவு: அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள், நடுவே ஜரிகை. மெத்தைக்கு இடம் போதாமல் ஒயரைக் கடித்து ஒதுக்கியிருந்தது.

“அந்த மாம்பழக் கலரு எங்க தறியுது!” என்றார் பக்கத்து வீட்டுக்காரர், பெருமையை அடக்க முடியாமல்.

“அப்ப எலியும் உங்களுதுதானா? ஜரிகை அசலான்னு இந்த மெஷின்லயே மாட்டிப் பாத்துடலாமா?” என்றாள் என் மனைவி.

அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

ஒயரை இணைத்துப் பெட்டியில் கோளாறை அழித்ததும் விளக்கு அணைந்தது. மனைவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். வழி நெடுக, “இன்னொரு தபா பாருங்க” என்று வண்டியை நிறுத்தச் சொன்னாள். கார் தானாக எங்கும் நிற்கவில்லை. மண்டபத்தில் அவள் எல்லோரிடமும், “வண்டிக்கு ஸ்கேன் எடுத்துட்டுதான் வந்தோம்” என்றாள். அத்தனை பேரும் ரிசல்ட் விசாரித்தார்கள்.

வேலை முடிந்துவிட்டதே, பெட்டியைத் திருப்பிவிடலாம் என்றேன்.

“மாட்டிப் பாத்தாச்சி, கல்யாணத்துக்கும் போய்ட்டு வந்தாச்சி. கட்டின பொடவைய நாம திருப்பி எடுப்போமா?”

எங்கள் விதிதான். ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று கடைக்காரருக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“சார், பொடவைய திருப்பிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள வீட்ல ஜல்தியா அதக் கட்டிகினு கோயிலுக்குப் போய்ட்டாங்க.”

“கட்டின புடவைய நாங்க எடுக்கறதில்லீங்க” என்றேன், வியாபாரக் குரலில், மிகவும் கறாராக. ஸ்கேனரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி பெட்டியை, பட்டைச் சுற்றி வைக்கும் மல்லுத்துணியில் சுற்றி, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை திருமலைக்குப் போய்ட்டு வரலாமாங்க?” என்றாள். “கார்லதான். விளக்கு எரிஞ்சா எரியட்டும்.”