எரிந்தது என் பெட்டி மட்டும்

வீட்டுக்குள் வெளிச்சத்தைக் கொண்டு வருகிறவனைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வரக்கூடாத கறண்டை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புகிறவனுக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றவும் யோசிப்பார்கள். நான் செய்வது இந்த இரண்டாவது வேலை.

செட்டிபாளையத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் ஆணி கூடத் துருப்பிடித்துப் பொருக்குத் தட்டும். மழை தொடங்குகிற காலத்தில் பின்நேரமானால் இடி மின்னல் இல்லாத நாள் குறைவு. கம்பி வழியே ஓடிவருகிற அந்த வெறி பிடித்த கறண்டை ரி.வி., பிரிட்ஜ் பக்கம் போகவிடாமல் மண்ணுக்குள் இறக்கிவிட ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. மீற்றர் பலகைக்குப் பக்கத்தில் பூட்டுவது. சனம் அதை மின்னல் பெட்டி என்று சொல்லும். அதையும், அது கறண்டை இறக்குவதற்கான எர்த் கம்பியையும் ஒழுங்காகப் போடுவதில் என்னை வெல்ல இந்தப் பக்கத்தில் ஆளில்லை. இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்லாதபடியால்.

எங்கள் ஊர் வழக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டோடு போய்விடுவான். என் மாமிக்கு மூன்று பெண்கள். மூத்தவளை நான் முடித்தேன். இரண்டாவது மருமகனாக வந்து சேர்ந்தவன் ரமணன், என் சகலன். அவனும் கறண்ட் வேலைக்காரன்! கட்டாரில் பெரிய ஹோட்டல்களில் போனைத் தட்டி இயக்குகிற லைட்டும் கதவும் பூட்டிப் பழகி வந்தவன். மாமி, நான், அவன், மூன்று குடும்பமும் ஒரே வளவுக்குள்தான். இப்போது கடைசி மச்சாளுக்குச் சீதன வீடு எழும்புகிறது. அந்த வீட்டுக் கறண்ட் வேலையை மாமி எந்த மருமகன் கையில் கொடுக்கப் போகிறார் என்பதுதான் கொஞ்சக் காலமாக என் நெஞ்சில் கிடந்த முள். கெட்டிக்காரச் சகலன் வாய்த்த வாசகர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பெட்டிக்கும் பாவம் பார்த்தவர்

ரமணன் வருவதற்கு முன்பே மாமி வீட்டுக்கு நான் மின்னல் பெட்டி பூட்டிவிட்டேன். எங்கள் மண் வெறும் மணல். காய்ந்தால் எர்த் பிடிக்காது. அதனால் சட்டி பானை கழுவிய குசினித் தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாகக் கிடக்கும் வாழையடியைப் பார்த்து, ஆழமாகக் கம்பி இறக்கினேன். இனி எந்த இடி வந்தாலும் பயமில்லை என்று மாமியிடம் சொல்லியும் விட்டேன்.

அடுத்த நாள் வாவிப் பக்கம் லேசாக ஒரு முழக்கம். அவ்வளவுதான். மாமி ஓடிப்போய் எல்லா பிளக்கையும் பிடுங்கி, ரி.வி.க்குப் படுக்கை விரிப்பால் போர்த்து, கடைசியில் மெயின் சுவிட்சையும் தட்டிவிட்டார். ஊரெல்லாம் இதே வழக்கம்தான், ஆனால் என் பெட்டி இருக்கிற வீட்டிலுமா? "மாமி, மெயினை ஓஃப் பண்ணினா என்ர பெட்டிக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். மாமி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"உங்கட பெட்டியும் எரிஞ்சு போகாம இரிக்கட்டும் எண்டுதான் மருமகன் ஓஃப் பண்றன்."

சுவருக்குள் போன உழைப்பு

ரமணன் வந்ததும் செய்த முதல் வேலை, மாமியின் சாமி அறை. பொழுது இறங்கினால் தானாக லைட் எரியும்; பிள்ளையார் படத்தைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம் மெல்ல மெல்லக் கூடும். முதல் நாள் அது எரிந்தபோது மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியது. என் மனைவி சுகந்தியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வீட்டின் ஒவ்வொரு அங்குல வயரையும் இழுத்தவன் நான். ஒரு நாளாவது யாராவது கன்னத்தில் போட்டுக்கொண்டார்களா?

பக்கத்து வீட்டு மலர் அக்கா தொடக்கம் பின்வளவுச் சனம் வரைக்கும் பொழுதுபடும் நேரம் வந்து குந்திவிடுவார்கள். மாமி ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி ஊற்றி, "என்ர சின்ன மருமகன்ர வேலை" என்று காட்டுவார். ஒரு நாள் மலர் அக்கா, நான் வாசலில் செருப்புக் கழற்றுவதைக் காணாமல், "மூத்தவரும் கறண்ட் வேலைதானே, அவர் இஞ்ச என்ன செஞ்சவர்?" என்று கேட்டார். மாமி என்னை விட்டுக்கொடுக்கவில்லை. உடனே பதில் சொன்னார்.

"அவர்ர வேலையெல்லாம் சுவருக்குள்ள புள்ள, காட்ட ஒண்டுமில்ல."

ஹாஜியாரின் இரண்டு கால்

ஏறாவூரில் ஒரு ஹாஜியார், துணிக்கடை முதலாளி. சவூதியிலிருந்து மகன் அனுப்பிய ரி.வி. சுவர் அகலத்துக்கு நிற்கிறது. அதைக் காப்பாற்ற என்னைக் கூப்பிட்டார். 'அப்பாடா, என் அருமை தெரிந்த ஒரு மனிதன்' என்று குளிர்ந்து போய், எர்த் இறக்கி, நல்ல சொக்கெற் பூட்டி, செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ரி.வி. என் சொக்கெற்றில் இல்லை. மறுசுவரில், வீடு கட்டிய காலத்துப் பழைய இரண்டு ஓட்டைச் சொக்கெற்றில் தொங்குகிறது. அதற்குள் போகாத, பிளக்கின் மூன்றாவது காலான எர்த் காலை மனிதர் குறட்டால் கடித்து எறிந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஹாஜியார், இந்தக் கால்தான் உங்கட ரி.வி.க்கு உயிர்! இத வெட்டினா நான் செஞ்ச வேலை எல்லாம் வீண்" என்று கத்தினேன். அவர் சிரித்த சிரிப்பில் கோபம் எனக்கே வெட்கமாகிவிட்டது.

"மனுசன் ரெண்டு கால்ல நிக்கான், பிளக்குக்கு என்னத்துக்கு தம்பி மூணாங் கால்? அத விடுங்க, போன்ல லைட் போடுற உங்கட சகலன்ட நம்பரத் தாங்க."

வானம் தெரியாத சாமான்

பொறாமை மனிதனைச் சும்மா இருக்க விடாது. அவன் செய்வதை என்னால் செய்ய முடியாதா என்று ஒரு வீம்பு. செங்கலடிக்கு அங்கால் ஒரு போடியார், வயல்காரர். முற்றத்தில் நெல் காயப்போட்டால் மழை எப்போது வரும் என்று ஒரே கவலை. "துளி விழுந்த உடனே மணி அடிக்கிற சாமான் நான் பூட்டித் தாறன்" என்று வாக்குக் கொடுத்தேன். தண்ணீர் பட்டால் போதும், மணி அடிக்கும். கைக்கு எட்டுகிற மாதிரி முற்றத்துக் குட்டிச் சுவரில் வைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் போடியாரின் மனைவி சாணித்தண்ணி கரைத்து, நெல் இல்லாத சுவரோரம் தெளித்திருக்கிறார். மணி அலறியது! வீட்டோடு எழும்பி, சாக்கும் கடகமுமாக ஓடி, காயவே தொடங்காத நெல்லை வாரி உள்ளே போட்டுவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் வானம் துடைத்துவிட்ட மாதிரி. அதற்கடுத்த நாளும் இதே கூத்து. நான் போய்ச் சேருமுன் ரமணன் அந்தப் பக்கம் வேறு வேலைக்கு வந்தவன், எட்டிப் பார்த்து, சாமானைக் கழற்றிக் கூரையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு சதமும் வாங்கவில்லையாம். வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். போடியார் என் தோளில் கையைப் போட்டார்.

"மழைய நாங்க வானத்தப் பாத்தே சொல்லுவம் தம்பி. நீங்க வெச்ச சாமானுக்கு வானம் எந்தப் பக்கமெண்டே தெரியல்ல, சின்னவர்தான் காட்டிக் குடுத்தார்."

சொந்தக்காரனையும் விடாத கேற்

கடைசியில் ஒரு நாள் கடவுள் எனக்கும் கண் திறந்தார் என்று நினைத்தேன். ரமணன் எங்கள் வளவு வாசலுக்குத் தானாகத் திறக்கும் கேற் போட்டிருந்தான். போனில் தட்டினால் தேர் மாதிரி அசைந்து திறக்கும். களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். கடைசியாக வெளியே வந்தவர் மாமி. வீட்டைப் பூட்டிப் போகும்போது மெயினை ஓஃப் பண்ணுவது அவருடைய பிறவிப் பழக்கம். அதன்படியே செய்துவிட்டு, கேற் மூடுமுன் வெளியே வந்துவிட்டார். கேற்றுக்கும் கறண்ட் மாமி வீட்டு மெயினிலிருந்துதான்; மூடுகிற வரைக்கும் அதற்குத் தன் பற்றரியில் உயிர் இருந்தது. நாங்கள் திரும்பி வரும்போது அதுவும் தீர்ந்துவிட்டது.

ரமணன் போனைத் தட்டுகிறான், தட்டுகிறான், கேற் அசையவில்லை. கையால் திறக்கிற திறப்பு எங்கே? வீட்டுக்குள், ஆணியில் தொங்குகிறது. எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். "பரவாயில்ல தம்பி, நான் ஏறிக் குதிக்கிறன்" என்று பெரிய மனிதத் தோரணையில் மாமியிடம் வீட்டுத் திறப்பை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலில் ஏறினேன். மதிலில் பதித்த உடைந்த போத்தல் ஓடு வேட்டியை முன்னும் பின்னுமாகக் கிழித்தது. போகட்டும், இன்றைக்காவது மாமிக்கு உண்மை விளங்கியிருக்கும் என்று ஆணியில் கிடந்த திறப்பை எடுத்து வந்து உள்ளிருந்து கேற்றைத் திறந்தேன். மாமி பெருமை தாங்காமல் மலர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கள்ளனை விடு புள்ள, சொந்தக்காரனே உள்ள போக ஏலாது. சின்ன மருமகன்ர கேற் அவ்வளவு பாதுகாப்பு!"

வாழையடிக்கு வந்த இடி

அந்தக் கேற் சம்பவத்தோடு மாமி ஒரு முடிவெடுத்தார்: இனி இடி இடித்தாலும் ஊருக்குப் போனாலும் மெயின் சுவிட்சில் கை வைப்பதில்லை. பிளக் பிடுங்குவதையும் விட்டார். பிடுங்கினால் சின்ன மருமகனின் லைட்டுகள் குழம்பிப் போகுமாம். என் பெட்டிக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக வேலை வந்தது.

ஐப்பசியில் ஒரு பின்நேரம். வாவிக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்து, வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக விழுந்தது. பின்வளவுத் தென்னையின் உச்சி வட்டு புகைந்தது. மலர் அக்கா வீட்டில் ரி.வி., பிரிட்ஜ், றவுட்டர் எல்லாம் போய்விட்டது; பாவம், அழுதுவிட்டார். நான் மழையில் நனைந்து மாமி வீட்டுக்கு ஓடினேன். ரி.வி. ஓடுகிறது. பிரிட்ஜ் உறுமுகிறது. சாமி அறையில் லைட் மெல்ல மெல்லக் கூடுகிறது. மீற்றர் பலகைக்குப் பக்கத்தில் என் பெட்டி மட்டும் கறுத்து, உருகி, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. வந்த அடியைத் தான் வாங்கி, வாழையடிக்கு அனுப்பிவிட்டுச் செத்திருக்கிறது. என் பெட்டி! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாமிக்கு முன்னால் நின்றேன். புது வீட்டு வேலை எனக்குத்தான் என்று அந்த நிமிசத்தில் மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

"கண்டீங்களா மருமகன்" என்றார் மாமி, "சின்னவர் பூட்டினதில ஒரு பல்ப் கூடப் போகல்ல. உங்கட பெட்டி ஒண்டுதான் எரிஞ்சு கிடக்கு."

அந்த நேரம் பார்த்து ரமணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஈரத் தலையோடு நேரே மாமியிடம் போனான். "மாமி, அண்ணன்ர பெட்டி அடிய வாங்கினபடியாத்தான் மத்ததெல்லாம் தப்பினது. அது இல்லாட்டி என்ர சாமான் ஒண்டும் மிஞ்சியிராது. புது வீட்ட அண்ணனுக்கே குடுங்க, நான் பக்கத்தில நிண்டு உதவி செய்யிறன்" என்றான். ஒரு சொல் கூடப் பொய்யில்லை. இத்தனை நாளும் அவனுடைய கெட்டித்தனத்தில்தான் எனக்குப் பொறாமை. அன்றைக்கு அவனுடைய மனதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்; அதுதான் கூட வலித்தது.

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது வீட்டுத் திறப்பை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"தங்கமான மனுசன்! உங்கட பெட்டி எரிஞ்சதுக்கும் எப்பிடிப் பரிஞ்சு பேசுறார் பாருங்க மருமகன்."

அந்தப் பெட்டியாவது ஒருதரம் எரிந்ததும் கழற்றி எறிந்து விடுதலை கொடுத்துவிட்டார்கள், நானோ அவன் பொறுப்புக்குப் போன புது வீட்டில் அவனுக்கு உதவியாளாகச் சுவருக்குள் வயர் இழுத்துக்கொண்டு, வாசலில் அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தரமும் எரிந்துகொண்டுதான் இருக்கிறேன்.