எட்டுப் பேருக்கு ஓர் இடம்

கிழக்குப் பகுதிக் குரூப்பில் அறுநூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் அவர் இடக்காரர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்ததை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கட்டடங்களில் சுவரோரமாக மாட்டியிருக்கும் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. முள் பச்சையில் நிற்கிறதா, குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கட்டடம். சிலிண்டரையே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, சிலிண்டர்காரரை யார் பார்க்கப்போகிறார்கள்? சில அலுவலகங்களில் அவர் நாற்காலி மேல் ஏறி நிற்கும்போதே கீழே விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

மனைவியைப் பிரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றுவிட்டது. அதன்பிறகு ஒரே வீட்டில் இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருந்தது. இருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. இப்போது ஒற்றை அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து தங்கச்சி பேசுவாள்.

குரூப் என்பது முதலில் குழாயில் தண்ணீர் வரவில்லை, பூனையைக் காணோம், நல்ல எலக்ட்ரீஷியன் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதற்காகத்தான் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர், "எல்லாரும் ஒரே ஏரியாதானே, ஒரு நாள் நேர்ல பாத்தா என்ன?" என்று எழுதினார். நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதற்குமேல் ஒருவரும் அசையவில்லை. இரண்டு நாள் கழித்து, நாலு முறை எழுதி அழித்து, ஐந்தாவது முறை அவர் அனுப்பினார்: "இடம் நான் பார்க்கிறேன்." அந்தக் குரூப்பில் அவர் எழுதிய முதல் வரி அது. அன்றிலிருந்து மாதம் ஒரு முறை குரூப் கூடியது, அவர் இடக்காரர் ஆனார்.

அந்த ஊரில் எந்த ஹாலுக்கு எத்தனை வாசல், எந்தக் காபிக் கடையின் மாடி மதியத்தில் காலியாகக் கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் முன்கூட்டியே ஒரு தடவை போய்ப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். மிக்சி சத்தமும் தெருச் சத்தமும் எவ்வளவு என்று அப்போது தெரியும். கைப்பிடி உள்ள நாற்காலி குறைந்தது இரண்டு வேண்டும். நீள மேஜை ஆகவே ஆகாது என்பார். நீள மேஜையின் கடைசியில் உட்கார்ந்தவருக்கு ஒரு பக்கம்தான் ஆள் இருக்கும், அந்த ஆளும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் தீர்ந்தது.

"எத்தனை பேர் சார் வருவாங்க?" என்று கடைக்காரர் கேட்பார்.

"முப்பது பேர் வரேன்னு சொல்லுவாங்க. பதினெட்டுப் பேர் வருவாங்க. நீங்க இருபது நாற்காலி போடுங்க."

அந்தக் கணக்கு ஒரு நாளும் பொய்த்ததில்லை.

கூடுகிற அன்று அவர் வாசலில் நிற்பார். வருகிறவர்களுக்கு ஃபோனில் வழி சொல்ல வேண்டும். "மருந்துக் கடை தாண்டி இடது பக்கம் வாங்க. ஆமா, நான் கை ஆட்டறேன் பாருங்க." வந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசி உள்ளே அனுப்புவார். கடைசி ஆள் வந்து சேரும்போது முக்கால்வாசி நேரம் போயிருக்கும். அவர் உள்ளே போகும்போது பேச்சு சூடு பிடித்திருக்கும். யாருடைய மாமியார், எந்த ஆபீஸ், ஏன் சிரிக்கிறார்கள் என்று எதுவும் விளங்காது. பொதுவாக ஒரு புன்னகை புரிந்துவிட்டு, பில் விஷயமாகக் கவுண்டருக்குப் போய்விடுவார்.

இருந்தாலும் அவர் மனசுக்குள் ஒரு பட்டியல் இருந்தது. அடுத்த வாரம் புதன்கிழமை அவருக்கு ஐம்பது முடிகிறது. அதற்கு ஏழெட்டுப் பேரைக் கூப்பிட வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. ஆற்றோரம் ஒரு பழைய படகுக் கூடம், அதன் மாடியில் ஓர் அறை. சிலிண்டர் பார்க்கப் போனபோது கண்ணில் பட்டது. மூன்று ஜன்னல், வட்ட மேஜை, தண்ணீர் மேலிருந்து வரும் காற்று. அந்த இடத்தை அவர் குரூப்பில் சொல்லவே இல்லை. தங்கச்சியிடம் மட்டும் சொன்னார்.

"ஊருக்கெல்லாம் இடம் பாக்கற. உனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கியே, அதுவே பெரிசுண்ணே," என்றாள் அவள். "யார் யாரைக் கூப்பிடற?"

"இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

"அப்புறம் எப்ப சொல்லுவ? அம்பத்தொண்ணுலயா?"

அன்றே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். முதலில் டீச்சரிடம். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அவர், குரூப்பில் எல்லோரோடும் பேச்சுவார்த்தை வைத்திருப்பவர். இவர் ஃபோனை எடுப்பதற்குள் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு உதவி. எட்டுப் பேர் உக்கார்ற மாதிரி ஒரு நல்ல இடம் சொல்லுங்களேன். வர்ற சனிக்கிழமை சாயங்காலம்."

"குரூப்புக்கா டீச்சர்? இந்த மாசத்துக்குத்தான் ஏற்கெனவே..."

"இல்லல்ல. இது நாங்க சும்மா. நானு, பல் டாக்டர், நர்ஸம்மா, அந்தத் தாடிக்காரர், அவர் சம்சாரம்... பேசிப் பேசி ஒட்டிக்கிட்டோம்."

அவர் மனப் பட்டியலில் இருந்தவர்களில் ஐந்து பேரை டீச்சர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பிறகு ஏதோ உறைத்திருக்க வேண்டும், குரல் கொஞ்சம் இறங்கியது.

"உங்களையும் கூப்பிடணும்னுதான் நான் சொன்னேன் தம்பி. மாசாமாசம் நமக்காக அலையறாரு, அன்னிக்காவது நிம்மதியா ரெஸ்ட் எடுக்கட்டுமேன்னு எல்லாரும் சொன்னாங்க."

"அது சரிதான் டீச்சர்."

அவருக்குச் சட்டென்று வேறு இடம் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. பத்து இடம் தோன்றியது. ஆனால் டீச்சருக்கு முழங்கால் வலி, தாடிக்காரருக்கு ஒரு காது மந்தம், எட்டுப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பொருந்திய இடம் ஒன்றுதான். "ஆத்தோரம் ஒரு படகுக் கூடம் இருக்கு டீச்சர். படி குறைச்சல்தான்" என்று ஆரம்பித்து, வழியை ஒவ்வொரு திருப்பமாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அங்கே போனார். காவலாளியிடம் சொல்லி, இறுகிக் கிடந்த நடு ஜன்னலைத் திறக்க வைத்தார். ஆட்டம் கண்ட நாற்காலி ஒன்றை அப்புறப்படுத்தி, சுவரோரம் கிடந்த வேறொன்றை இழுத்துப் போட்டார். எட்டு நாற்காலியையும் எண்ணிப் பார்த்தார்.

"நாளைக்கு நீங்க எத்தனை மணிக்கு சார் வருவீங்க?" என்றார் காவலாளி.

"நான் வரல. அவங்க வருவாங்க."

சனிக்கிழமை துணி துவைத்தார். சட்டைகளை மடித்தார். வழி கேட்டு யாராவது கூப்பிடக்கூடும் என்று ஃபோனைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. வழியை அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தார்.

இருட்டுகிற நேரத்தில் பெரிய குரூப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. எட்டுப் பேரும் ஜன்னலோரம் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள், பின்னால் ஆறு. நர்ஸம்மா கண்ணை மூடிச் சிரிக்கிறார். அவர் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் படம் போய்விட்டது. அந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி நின்றது. தங்களுக்கென்று வைத்திருக்கும் சின்னக் குரூப்புக்கு அனுப்ப வேண்டியதைக் கை தவறி மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அறுநூறு பேரில் எத்தனை பேர் பார்த்தார்களோ, அவர் பார்த்துவிட்டார். இடம் நன்றாகத்தான் அமைந்திருந்தது.

புதன்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனார். தங்கச்சி பேசினாள். கூப்பிட்டாயா என்று அவள் கேட்கவில்லை, அண்ணன் குரலிலேயே தெரிந்துகொண்டிருப்பாள். "சாப்டியாண்ணே?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டாள்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு, ஒரு காபிக் கடையின் மாடியில் குரூப் கூடியது. அவர் எல்லோருக்கும் முன்னால் போனார். வாசலில் நிற்கவில்லை. மாடியேறி, நடு மேஜையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஃபோன் அடித்தபோது, "படியேறி மேல வாங்க" என்று மட்டும் சொன்னார். எழுந்திருக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டமான காரியம் என்று அவர் நினைக்கவில்லை. கால் அதுபாட்டுக்குத் தவித்தது.

பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். நாலு மாதமாக வருகிறார், நாலு தடவையும் வாசலில் இவர் கையைக் குலுக்கியிருக்கிறார்.

"நீங்க புதுசா சேந்தீங்களா?" என்றார் டிரைவர்.

"இல்லீங்க..." என்று இவர் இழுத்தார்.

"கீழ ஒருத்தர் நிப்பாரு, கை ஆட்டிக்கிட்டு. இன்னிக்குக் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ."

"அது நான்தாங்க."

டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "அட! உக்காந்தா வேற ஆளாத் தெரியறீங்களே!"

இருவரும் சிரித்தார்கள். டிரைவர் தன் கதையைச் சொன்னார். "முப்பத்திரண்டு வருஷம் ஓட்டினேன். முதுகுக்குப் பின்னால எப்பவும் அம்பது பேர். ஒருத்தர்கிட்டயும் பேசினதில்ல. டிரைவர்கிட்ட பேசாதீங்கன்னு போர்டே மாட்டியிருப்பாங்க. வீட்டுக்கு வந்தப்புறமும் அந்த போர்டு போகல போலிருக்கு. சம்சாரம் இருந்த வரைக்கும் அவளே ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிடுவா." பிறகு, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. தீயணைப்பு சிலிண்டரைப் பற்றி முக்கால் மணி நேரம் சொன்னார். டிரைவர் சலிக்காமல் கேட்டார். பஸ்ஸில் அவர் இருக்கைக்குக் கீழேயும் ஒன்று இருந்ததாம், ஒரு நாளும் எடுக்க வேண்டி வரவில்லையாம்.

எதிர் மேஜையில் டீச்சரும் பல் டாக்டரும் மற்றவர்களும் அவர்களுக்கே புரிந்த ஏதோ ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது டீச்சர் அவர் தோளைத் தட்டி, "அந்த இடம் பிரமாதம் தம்பி" என்றார். "சந்தோஷம் டீச்சர்" என்றார் அவர். பொய் இல்லை.

அடுத்த மாதமும் அவர் உள்ளேதான் உட்கார்ந்தார். வழி காட்ட ஆளில்லாமல் பாதியிலேயே திரும்பிவிட்டதாக இரண்டு பேர் குரூப்பில் குறைப்பட்டுக்கொண்டார்கள். "மன்னிக்கவும், அடுத்த முறை அம்புக்குறி ஒட்டுகிறேன்" என்று எழுதினார். டிரைவர் அன்று வரவில்லை, மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு கைப்பையை வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேஜைப் பேச்சில் கலந்துவிட்டார்கள். அவர் பார்த்துக்கொண்டார். காபி ஆறியது. பைக்கு உரியவர் எப்படியும் இங்கே திரும்பி வந்துதானே ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார்.