ரேணுகா டீச்சர் எழுதிய அறுபத்திரண்டு தப்புகள்

எங்கள் பள்ளியில் ஒழுங்கு நோட்டு என்று ஒன்று உண்டு. பிள்ளையின் பெயர், வகுப்பு, செய்த தப்பு, கொடுத்த தண்டனை என்று நாலு கட்டம் போட்ட நீளமான நோட்டு. அதைப் பார்த்துக்கொள்வது உடற்கல்வி ஆசிரியை ரேணுகாவின் வேலை. பிரேயருக்கு வரிசை பிடிப்பது, வேனில் பிள்ளைகளை ஏற்றுவது, ஆண்டு விழாவுக்கு நாற்காலி போட வைப்பது, வராத ஆசிரியரின் வகுப்பில் போய் உட்காருவது, எல்லாம் அவர் வேலைதான். விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பது மட்டும் அவர் வேலை இல்லை. அதற்கு நாங்கள் நேரம் விட்டால்தானே.

நாங்கள் என்பதில் நானும் அடக்கம். என் பெயர் சத்தியமூர்த்தி. கல்லல் பக்கம் இந்தத் தனியார் பள்ளியில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு வாத்தியார். அஞ்சாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு விளையாட்டுப் பாடவேளை. செவ்வாய்க்கிழமை உள்ளதை நான் எடுத்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை உள்ளதை அறிவியல் டீச்சர் எடுத்துக்கொள்வார். போர்ஷன் முடியவில்லை என்று ரேணுகாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வந்து சேர்ந்த எட்டு வருடத்தில் ஒரு பாடவேளையைக்கூட நான் திருப்பிக் கொடுத்ததில்லை. அப்போது வராத வெட்கம் இப்போது வருகிறது.

ரேணுகா கண்டரமாணிக்கத்துக்காரர். கோ-கோவில் மாநில அளவு வரை ஆடியவர். அதை நம்பித்தான் உடற்கல்விப் பட்டம் படித்தார், அதை நம்பித்தான் இங்கே வந்து சேர்ந்தார். சேர்ந்த வருடம் அடம்பிடித்து வாங்க வைத்த இரண்டு கோ-கோ கம்பங்களும் ஸ்டோர் ரூமில் பெயின்ட் உரியாமல் கிடக்கின்றன. மண்ணில் நட்டால்தானே உரியும்?

ஹசீனா என் வகுப்புப் பிள்ளை. பெஞ்சில் அஞ்சு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள். காலை ஆட்டுவாள், பென்சிலைக் கீழே போட்டு எடுப்பாள், பக்கத்துப் பிள்ளையின் பின்னலைப் பிரிப்பாள். கணக்கில் மக்கு என்று நினைத்திருந்தேன். ஏழும் எட்டும் பதினைந்து என்று பளிச்சென்று சொல்வாள். அஞ்சைப் போட்டுக் கையில் ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னால், அஞ்சை எழுதி முடிப்பதற்குள் கையில் இருந்த ஒன்று போய்விடும். நான் டைரியில் கவனம் இல்லை என்று சிவப்பு மையில் எழுதி அனுப்புவேன். அவள் நாலாம் வகுப்பில் இருந்த ஒரு வருடம் முழுக்க எழுதினேன்.

அவள் அம்மா ரஹீமா, புருஷன் சவுதியில் இருக்க, தனியாளாகப் பிள்ளையை மதுரைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். கவனக்குறைபாடு என்று எழுதிக் கொடுத்தார்கள். கேட்டதைக் கொஞ்ச நேரம் மனசில் பிடித்து வைத்து அதைக்கொண்டு வேலை செய்யும் சக்தி இந்த மாதிரிப் பிள்ளைகள் பலருக்குக் குறைவாம். மருந்து பற்றிப் பிறகு பார்ப்போம், காலையில் பாடம் தொடங்கும் முன்னால் மூச்சு வாங்க இருபது நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள், சில பிள்ளைகளுக்கு நல்ல பலன் தெரிகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேனில் வந்து இறங்கினால் முதல் மணி அடிக்க அரை மணி நேரம் இருக்கிறது. ரஹீமா கேட்டது அந்த அரை மணியில் மைதானத்தை. அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியர் பூமிநாதன் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பிள்ளைக்கு விட்டால் எல்லாப் பிள்ளையும் கேட்கும், படிக்க அனுப்புகிறீர்களா ஓட அனுப்புகிறீர்களா என்றார். ரேணுகா தானே கூட நின்று பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்துக் கேட்டார். அதற்கும் முடியாது. இதில் என் பங்கு என்னவென்றால், கணக்கை முடிக்காததற்காக நான் அவளை மத்தியான இடைவேளையிலும் வகுப்பிலேயே உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். ஓடினால் நல்லது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிள்ளையை உட்கார வைத்தே திருத்தப் பார்த்த மேதாவி நான்.

ஆவணி மாதம் ஒருநாள் ரயில்வே கேட் போட்டுவிட்டதால் வேன் தாமதமாக வந்தது. தாமதமாக வந்தால் மைதானத்தை ஆறு சுற்று ஓட வேண்டும் என்பது எங்கள் சட்டம். வேனில் வந்த பிள்ளைகள் எல்லாம் ஓடினார்கள். வேர்த்து வழிய வகுப்புக்கு வந்ததும் நான் பத்துக் கூட்டல் கொடுத்தேன். வழக்கமாக இரண்டு சரியாகப் போடும் ஹசீனா அன்றைக்கு ஏழு போட்டிருந்தாள். காப்பியடித்தாளோ என்று பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை நாலுதான் சரி. ஏதோ அதிசயம்போல ரேணுகாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டைக் காட்டச் சொல்லி ஒவ்வொரு கணக்காகப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து ஒழுங்கு நோட்டில் ஹசீனாவின் பெயர் அநேகமாகத் தினமும் காலையிலேயே ஏறியது. நகம் வெட்டவில்லை, ஆறு சுற்று. ரிப்பன் கட்டவில்லை, ஆறு சுற்று. வரிசையில் பேசினாள், எட்டு சுற்று. விளையாட என்றால் இருபது நிமிடம் தராத பள்ளி, தண்டனை என்றால் எத்தனை நிமிடமும் தந்தது. தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்து, இப்போதுதான் டீச்சர் கண்டிப்பாக இருக்கிறார் என்று மெச்சிக்கொண்டார். இது அவளை ஓட வைப்பதற்காக ஏறும் பொய் என்று ரேணுகாவுக்குத் தெரியும், ரஹீமாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஹசீனாவுக்கும் தெரியும். மூச்சு வாங்க ஓடி வந்து, இன்னைக்கு நான் என்ன தப்பு செஞ்சேன் டீச்சர் என்று கேட்டுச் சிரிப்பாள்.

எல்லா நாளும் ஏழு வந்துவிடவில்லை. ஓடிய நாளிலும் சில நாள் மூன்றுதான் வரும். ஆனால் ஓடாத நாளையும் ஓடிய நாளையும் நோட்டைத் திறக்காமலே என்னால் சொல்ல முடிந்தது. பின்னலைப் பிரிப்பதும் குறைந்தது.

பழைய புகார்தான் வினையானது. இந்தப் பிள்ளையால் எங்கள் பிள்ளை படிப்பு கெடுகிறது என்று யாரோ ஒரு பெற்றோர் முன்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள். தை மாதம் பூமிநாதன் ரஹீமாவை வரவழைத்தார். வகுப்பாசிரியன் என்று என்னையும், நோட்டுக்காக ரேணுகாவையும் உட்கார வைத்தார். மேசையில் ஒழுங்கு நோட்டு விரித்திருந்தது. ஹசீனா பெயரில் அறுபத்திரண்டு தப்பு, சிவப்புப் பேனாவால் எண் போட்டிருந்தார். பள்ளியாக அனுப்பினால் சட்டச் சிக்கல் வரும் அல்லவா, அதனால் தாங்களே விரும்பி டி.சி. கேட்பதாக எழுதிக் கொடுக்கும்படி ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். இந்த நோட்டோடு போனால் காரைக்குடியில் எந்தப் பள்ளியிலும் சேர்ப்பது கஷ்டம், நல்லபடியாகப் போனால் நோட்டு வெளியே வராது என்று கருணை வேறு காட்டினார்.

ரஹீமா ரேணுகாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். உண்மையைச் சொன்னால் பிள்ளை தப்பிக்கும், டீச்சர் வேலை போகும். எழுதிக் கொடுக்கப் பேனாவை எடுத்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடச் சர்வீஸ், வாயைத் திறந்தால் என்ன கெட்டுப்போகும்? திறக்கவில்லை.

ரேணுகா எழுந்து அந்தப் பேனாவை வாங்கி மேசையில் வைத்தார்.

"அந்த அறுபத்திரண்டும் நான் எழுதுனது சார். பிள்ளை ஒரு தப்பும் செய்யல."

"அப்ப இத்தனை நாளு பொய்யா எழுதியிருக்கீகளா டீச்சர்?"

"நெசத்த எழுதித்தான் மொதல்ல உங்ககிட்ட கேட்டேன். நீங்க விடல. பொய்ய எழுதுனேன், விட்டீக."

ரேணுகா விடாமல், இதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். இந்தத் தாளும் டாக்டர் கடிதமும் கல்வி அலுவலகம் வரை போனால் யாருக்குச் சிக்கல் என்று பூமிநாதனுக்குத் தெரியாதா என்ன? டி.சி. பேச்சு அதோடு நின்றது. சாயங்காலம் ரேணுகாவுக்குப் போன் போயிற்று. நாளையிலிருந்து வர வேண்டாமாம். எட்டு வருடம் வேலை பார்த்த ஒருவருக்கு ஒரு காகிதம்கூடக் கிடையாது. பிள்ளையின் தப்பை எழுத மட்டும் இங்கே நாலு கட்டம் போட்ட நோட்டு இருக்கிறது.

மறுநாள் காலையில் அந்த நோட்டு என் மேசைக்கு வந்திருந்தது. புது டீச்சர் வரும்வரை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வெளியே ஹசீனா பையைக் கழற்றிக் கொடிக்கம்பத்தடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர் வரலையா சார்?"

"வர மாட்டாகம்மா. நீ ஓடு, நான் நிக்கிறேன்."

ஓடினாள். தலைமை ஆசிரியர் அறை ஜன்னல் திறந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு சுற்று முடிகிறவரை வெயிலில் நின்று எண்ணினேன். பிறகு நோட்டில் பெயர் எழுதினேன், வகுப்பு எழுதினேன். தண்டனைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். தப்பு என்ற கட்டத்தில், பிள்ளை செய்யவில்லை, நாங்கள் செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, விரித்தபடியே கொண்டுபோய் பூமிநாதன் மேசையில் வைத்தேன்.