ஊரே ஒரு அப்பன் பிள்ளைங்க

மாதங்கியைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்கன்னு ஆபீஸ் ஆண்டு மலர்க்காரங்க என்கிட்ட கேட்டாங்க. வேற ஆளே கிடைக்கல போலிருக்கு. இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்துட்டேன். கடின உழைப்பு, பொறுமை, மாறாத புன்னகைன்னு எல்லாத்தையும் போட்டாச்சு. நிஜத்தை இங்க தமிழ்ல எழுதறேன். ஹைதராபாத்ல எங்க ஆபீஸ்ல தமிழ்க்காரங்க நாங்க ரெண்டே பேர்தான். அவ இதே ஊர்ல திருமுல்கேரியில வளர்ந்தவ, ஸ்கூல்ல படிச்சது ஹிந்தியும் இங்கிலீஷும். தமிழ் பேசுவா, படிக்கத் தெரியாது. ரொம்ப நல்லதாப் போச்சு.

எனக்கு அவமேல பொறாமை. இதுல சுத்தி வளைக்க என்ன இருக்கு? அவ வர்றதுக்கு முன்னாடி இந்த ஸ்டெல்லா, அதாவது நான், நல்லவளாத்தான் இருந்தேன். என் வீட்டுக்காரர் ஃபெலிக்ஸைக் கேட்டா வேணும்னா வேற மாதிரி சொல்வார்.

மாதங்கியோட அப்பா நாராயணஸ்வாமி டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கப்பா சூசைராஜ் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். அவ மாரெட்பள்ளியில இருந்து ஸ்கூட்டர்ல வருவா. ஹெல்மெட்டைக் கழட்டினா ஒரு முடி கலைஞ்சிருக்காது. நான் மெட்டுகூடாவுல இருந்து பஸ்ல வந்து இறங்கும்போது யாரோ என்னைப் பிழிஞ்சு உதறின மாதிரி இருப்பேன். அவளை அவ மாமியாரே மெச்சுவாங்க. அவ பொண்ணு ஸ்மிதா, நாம தமிழ்ல கேட்டா தெலுங்குல பதில் சொல்லும், ஆனா மரியாதையா சொல்லும். என் பையன் கிரி எந்த மொழியில கேட்டாலும் பதில் சொல்ல மாட்டான்.

இத்தனைக்கும் நான் பெர்மனென்ட், அவ கான்ட்ராக்ட். ஒவ்வொரு மார்ச்சும் அவளுக்கு வேலை இருக்கா இல்லையான்னு மேலேருந்து உத்தரவு வரணும். ஒரு தடவை ரெண்டு மாசம் அது வரவே இல்ல. சம்பளம் இல்லாமலே வந்து உட்கார்ந்து வேலை பார்த்தா. வாயைத் திறந்து ஒரு முணுமுணுப்பு கிடையாது. நானா இருந்தா ஆபீஸை ரெண்டாக்கியிருப்பேன். ஏன் அவளால மட்டும் இப்படி இருக்க முடியுதுன்னு அந்த ரெண்டு மாசமும் எனக்குத்தான் தூக்கம் போச்சு.

எங்க வேலை என்னன்னு சொல்லிடறேன். கிராமத்துக் கூட்டுறவு சங்கங்கள்ல பயிர்க்கடன் குடுப்பாங்கல்ல, அந்த மனுவெல்லாம் கடைசியா வந்து சேர்ற இடம் எங்க ஆபீஸ். கிராமத்துலேருந்து மண்டலம், மண்டலத்துலேருந்து மாவட்டம், அங்கேருந்து ஹைதராபாத். இங்க பழைய புரோகிராம் ஒண்ணு. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கூட கிடையாது. பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அந்த புரோகிராமுக்குள்ள போய் வேலையை முடிச்சுட்டு வெளிய வர எனக்கு மட்டும்தான் தெரியும். அது முரண்டு பிடிச்சா ஜி.எம். முதற்கொண்டு என் சீட்டைச் சுத்தி நிப்பாங்க. நான் டீயைக் குடிச்சு முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஆனா அந்த நடையெல்லாம் நடந்து கடன் கைக்குப் போறதுக்குள்ள பயிர் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். விதைக்கும் உரத்துக்கும் விவசாயி ஏற்கனவே வட்டிக்காரன்கிட்ட போயிருப்பான். அதைப் பத்தி நான் பெரிசா யோசிச்சதில்ல. மாதங்கி யோசிச்சா. எனக்கு வந்தது எரிச்சல்தான்.

புது புரோகிராம் எழுதற வேலையை ஜி.எம். பிரசன்னா சார் அவகிட்ட குடுத்தார். விவசாயி சங்கத்துல வந்து விரல் ரேகை வெச்சா, அந்த வாரத்துக்குள்ள கணக்குல பணம். முதல்ல மேதக் பக்கம் ஒரே ஒரு கிராமத்துல ஓட்டிப் பார்க்கிறது. சரியா ஓடினா மாதங்கி பெர்மனென்ட், அவதான் செக்‌ஷன் தலைவி. ஓடலைன்னா பழையபடி சீனியாரிட்டிதான். அப்படின்னா நான். இதை பிரசன்னா சார் எங்க ரெண்டு பேரையும் எதிர்ல உட்கார வெச்சே சொன்னார். அவ என்னைப் பார்த்துச் சிரிச்சா. நானும் சிரிச்சேன், தாடை வலிச்சுது.

எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம். எழுதினது யாரா இருந்தாலும், சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டவங்கதான் பொறுப்பு. தப்பு வந்தா மெமோ அவங்களுக்கு. மெமோ வாங்கினா அந்த வருஷம் பிரமோஷனை மறந்துட வேண்டியதுதான். சரிபார்க்கிற வேலை எனக்கு வந்துச்சு. மாதங்கியே கேட்டு வாங்கியிருக்கா.

"நீங்க பார்த்தாத்தான் அக்கா எனக்கு தைரியம். உங்க கண்ணுல படாத தப்பு கிடையாது"ன்னா.

பார்க்காமலா விடுவேன்? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு பெரிய தப்பு கிடைச்சா போதும், கதை முடிஞ்சுதுன்னு வரி வரியா நோண்டினேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நோண்டினேன். "அந்தப் பொண்ணு மேல உனக்கு என்ன இவ்வளவு அக்கறை"ன்னு ஃபெலிக்ஸ் கேட்டார். அக்கறையாம்.

ஒண்ணும் கிடைக்கல. ஒரு இடம் மட்டும் எனக்கே பிடிச்சிருந்துச்சு. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் கடன்னு ஒரு வரம்பு உண்டு. பழைய புரோகிராம்ல அப்பா பெயருக்கு இடமே இல்லாததால, யார் யார் ஒரே குடும்பம்னு கண்டுபிடிக்க வழியில்ல. மாதங்கி அதுக்கு வழி பண்ணியிருந்தா. பெயருக்கு முன்னாடி நிக்கற பெயர் ஒண்ணா இருந்து, ஊரும் ஒண்ணா இருந்தா, அது ஒரே அப்பாவோட பிள்ளைங்க, ஒரே குடும்பம். சே, எனக்கு இது தோணலையேன்னு இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு கையெழுத்துப் போட்டேன்.

முதல் மழை விழுந்த வாரம் அந்தக் கிராமத்துக்குப் போனோம். சங்கத்து வாசல்ல தோரணம், பிரசன்னா சாருக்கு சால்வை. மாதங்கி மாம்பழ நிறத்துல காட்டன் புடவை கட்டியிருந்தா. அத்தனை தூரம் வேன்ல வந்தும் ஒரு கசங்கல் இல்ல. முதல்ல எல்லய்யான்னு ஒருத்தர் விரலை வெச்சார். உடனே கடன் ஓகே ஆச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன், வேற வழி.

ரெண்டாவதா நாகம்மான்னு ஒரு அம்மா. விரலை வெச்சதும், உங்க குடும்பத்துக்குக் கடன் குடுத்தாச்சுன்னு வந்துச்சு. யாருக்குக் குடுத்தாச்சுன்னு பார்த்தா எல்லய்யாவுக்கு.

அந்தம்மா தெலுங்குல பிடிச்சாங்க பாருங்க ஒரு பிடி. "அவனும் நானும் ஒரு குடும்பமா? வரப்பை வெட்டி என் நிலத்துக்குள்ள வந்தவன் அவன். அவன் வீட்டுத் தண்ணி கூட நான் குடிக்கிறதில்ல." அடுத்த ஆளுக்கும் அதே பதில். அதுக்கடுத்த ஆளுக்கும். பாதி ஊருக்கு எல்லய்யாவே கடன் வாங்கிட்டதா மெஷின் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பின்னாடி நின்ன கிழவர் ஒருத்தர், ஊரே ஒரு அப்பன் பிள்ளைங்களாயிட்டோம்னு சொல்லவும் வரிசை முழுக்கச் சிரிப்பு. நாகம்மா மட்டும் சிரிக்கல. "மழை நின்னு போனா விதை யார் போடறது?"ன்னு என் முகத்துக்கு நேரா கேட்டாங்க.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. சிந்தல எல்லய்யா. சிந்தல நாகம்மா. முன்னாடி நிக்கற சிந்தல அப்பா பெயரே இல்ல, வீட்டுப் பெயர். தெலுங்குக்காரங்களுக்கு அதுதான் முன்னாடி வரும். நூறு வீட்டுக்கும் ஒரே வீட்டுப் பெயர் இருக்கும். இது எனக்குத் தெரியாதா? தெலுங்குப் பிள்ளைங்களோட மண்ணுல புரண்டு வளர்ந்தவ நான். ஆனா பெயருக்கு முன்னாடி எதைப் பார்த்தாலும் நம்ம புத்தி அப்பாகிட்டதான் போகும். நான் எஸ். ஸ்டெல்லா, சூசைராஜ் மகள். அவ என். மாதங்கி, நாராயணஸ்வாமி மகள். ஆபீஸ் முழுக்கத் தெலுங்கு பேசறவங்களை வெச்சுக்கிட்டு, ரெண்டு தமிழச்சிங்க எங்களுக்குள்ளேயே பார்த்துத் திருப்திப்பட்டிருக்கோம்.

மாதங்கியைப் பார்த்தேன். அவளும் கண்டுபிடிச்சிட்டா. முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. எனக்குள்ள ஒரு குளிர்ச்சி பரவுச்சு. பொய் சொல்ல மாட்டேன், ஐஸ் தண்ணி குடிச்ச மாதிரி இருந்துச்சு.

பிரசன்னா சார் சால்வையை மடிச்சு சீட்டுல போட்டுட்டு எங்க ரெண்டு பேரையும் வேன் பக்கம் கூப்பிட்டார். சங்கத்து ஆளுங்களும் பின்னாலேயே வந்து நின்னாங்க. "இதை யார் சரிபார்த்தது?"ன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி மாதங்கி சொன்னா.

"அக்கா பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, நான்தான் சார் அந்த இடத்தை மாத்தினேன். அவங்களுக்குத் தெரியாது. பொறுப்பு முழுக்க என்னோடது."

பச்சைப் பொய். ஒரு எழுத்து மாத்தல அவ. எனக்குத் தெரியும்.

"அப்படின்னா உங்க கான்ட்ராக்டைப் பத்தி நான் யோசிக்க வேண்டியிருக்கும், மாதங்கி"ன்னார் சார்.

"ஹவ் சார், ஆமா. தெரியும்"னா. குரல் கூட நடுங்கல. சங்கத்து ஆளுங்க அவளை ஒரு தேவதையைப் பார்க்கற மாதிரி பார்த்தாங்க.

நான் சும்மா நின்னிருந்தா போதும். மெமோ இல்ல, செக்‌ஷன் எனக்கு, அவ வீட்டுக்கு. இத்தனை வருஷம் நான் கேட்ட வரம் தட்டுல வெச்சு எதிர்ல நிக்குது. ஆனா என் உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரியுது. என்னைக் காப்பாத்த இவ யாரு? நான் அந்த சீட்டுல உட்கார்ந்தா, அது இவ எனக்குப் போட்ட பிச்சைன்னு தினம் எனக்குத் தெரியுமே. தோத்துப் போற நேரத்துல கூட இவதான் நல்லவளா? அதையும் இவளே எடுத்துக்கணுமா?

"கைக்கு? ஏன் இப்படிப் பொய் சொல்றே?"ன்னு பாதி ஹிந்தியில அவமேல பாய்ஞ்சேன். சார் பக்கம் திரும்பி, "அவ ஒண்ணும் மாத்தல சார். நான் பார்த்தேன். நல்லா இருக்குன்னு நினைச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். மெமோ எனக்குத்தான் வரணும்"னேன்.

"அக்கா, சும்மா இருங்க"ன்னா மாதங்கி.

"நீ சும்மா இரு."

"அக்கா, ப்ளீஸ். நான்தான்."

"நீ இல்லடி, நான்தான். எனக்கு வர்ற மெமோவைக் கூட நீ பிடுங்கிப்பியா?"

சார் நெத்தியில கை வெச்சுக்கிட்டார். சண்டைக்கு நடுவுல நாகம்மா புகுந்து, உங்க பஞ்சாயத்தை ஊருக்குப் போய் வெச்சுக்குங்க, எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கன்னு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. வழி எல்லார் மடியிலயும் இருந்துச்சு. நிலப் பட்டா பாஸ்புக்ல அப்பா பெயரோ புருஷன் பெயரோ தனியாப் போட்டிருக்கும். மாதங்கி உட்கார்ந்த இடத்துலேயே அதுக்கு ஒரு கட்டம் சேர்த்தா. அவ தெலுங்கு அரைகுறை. நான் வரிசையில நின்னு ஒவ்வொருத்தரா கேட்டுக் கேட்டுச் சொல்ல, அவ ஏத்தினா. நான் ஒருமையில அதட்டறேன், அவ சரிக்கா சரிக்காங்கறா. இருட்டறதுக்குள்ள வரிசை முடிஞ்சுது. நாகம்மாவுக்குக் கடன் ஓகேன்னு வந்ததும், அந்தம்மா நேரா போய் மாதங்கி தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணாங்க. கத்திக் கத்தித் தொண்டை கட்டினது எனக்கு.

கடைசியில புரோகிராம் ஓடிடுச்சுல்ல, அடுத்த மாசம் உத்தரவு வந்துச்சு. மாதங்கி பெர்மனென்ட், செக்‌ஷன் தலைவி. எனக்கு மெமோ. உத்தரவு வந்த அன்னிக்கு ஃபெலிக்ஸ் ஸ்வீட் வாங்கிட்டு வந்தார். எனக்கு ஆறுதலுக்குன்னு நினைச்சேன். நாளைக்கு மாதங்கிக்குக் குடுன்னார்.

அன்னிக்குலேருந்து லீவு வேணும்னாலும் நான் அவகிட்டதான் கையெழுத்து வாங்கணும். முதல் தடவை போகும்போது நெஞ்சைக் கல்லாக்கிக்கிட்டுப் போனேன். மேடம்னு கூப்பிட்டு, தாளை நீட்டி, அவ தலை நிமிராம கையெழுத்துப் போட்டா அதை ஒரு வருஷத்துக்கு எல்லார்கிட்டயும் சொல்லித் திரியலாம்னு ஒரு ஆசை. கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டா.

"உட்காரு"ன்னேன்.

"நீங்க உட்காருங்கக்கா."

எதிர்ல வேற ஆளுங்க இருந்தாங்க. அவங்களும் எழுந்து நின்னாங்க. ஒரு துளி திமிர், அதையாவது எனக்காகக் காட்டக் கூடாதா இவ? இப்பவும் அப்படித்தான். நான் உள்ள போனா எழுந்திருக்கறா. உட்காருடின்னு நான் சொன்னாத்தான் உட்கார்றா. தினமும் போய்ச் சொல்லிட்டு வர்றேன்.