இன்னாசியின் ஐந்தாவது கம்பி

இன்னாசியின் பேஸ் கிட்டாரில் ஐந்தாவது ஓட்டையைப் போட்டவன் நான்தான். வேறு யாரையாவது கைகாட்டித் தப்பிக்க ஆசைதான். ஆனால் அன்றைக்கு வில்லியனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை என்னுடையது. டிரில் மெஷினும் என்னிடம்தான் இருந்தது.

இன்னாசி ஒதியம்பட்டுக்காரன். பதினைந்து வருஷமாக டவுன் மில்லில் தறி ஓட்டினான். தறிக்கூடத்து இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதைக்கூட உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். லீவு நாட்களில் எங்கள் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பான். நான் தபேலா. எழுபத்தெட்டில் மழை ஓய்ந்த சமயம், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"நாலு கம்பி பத்தலடா தங்கவேலு. இதுக்கும் கீழ ஒண்ணு போடணும்."

"இருக்கிற நாலையே நீ ஒழுங்கா வாசிக்கல. அஞ்சாவது இன்னாத்துக்கு?"

"அடிச்சா நெஞ்சுல குத்தணும்டா. இப்பல்லாம் ஒண்ணும் குத்தல."

பேராசை பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் கிளட்ச் கம்பியின் மேல் பம்புசெட் மோட்டாருக்குப் போடும் செம்புக் கம்பியை நெருக்கிச் சுற்றி ஐந்தாவது கம்பியைச் செய்து கொடுத்தேன். கிட்டாரின் தலைப்பக்கத்தில் இடமே இல்லை. கம்பியை முறுக்கி ஏற்றும் நாலு முறுக்காணிகளுக்கு நடுவில் இடுக்கில் ஓட்டை போட்டு, வேறொரு உடைந்த கிட்டாரிலிருந்து கழற்றிய ஆணியைச் செருகினேன். கம்பியை ஏற்றி முறுக்கியதும் மரம் மெல்லக் கிறீச்சிட்டது.

"மரம் கத்துதுடா," என்றேன், அவன் முகத்துக்கு நேராக.

"எங்க கத்துது? சும்மாத்தான கெடக்குது," என்று கட்டைவிரலால் கம்பியைத் தட்டினான். மேஜை மேலிருந்த நட்டு போல்ட்டெல்லாம் அதிர்ந்தன. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

அடுத்த வாரம் அவன் மனைவி அன்னாமேரி கடைக்கு வந்தாள். "அண்ணே, அவருக்கு எம்மேல இன்னா கோவம்னு கேட்டுச் சொல்லுங்க. பின்னாலேர்ந்து கூப்ட்டா திரும்பறதே இல்ல. ஆறு மாசமா இப்டித்தான்."

அன்று சாயங்காலம் மில் விட்டு நடந்து வந்தவனைச் சைக்கிளில் பின்தொடர்ந்து மணி அடித்தேன். மூன்று தடவை அடித்தேன். அவன் ஒதுங்காமல் நடுரோட்டில் போய்க்கொண்டே இருந்தான். நான் மணியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் குழுவை நடத்திய மரியதாஸ் அவனை நிறுத்திவிடுவார். இன்னாசிக்குப் பாட்டை விட்டால் வேறு உலகம் கிடையாது. இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மை வேறு. நான் போட்ட ஓட்டையின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விட்டிருந்தது. பேச்சை எடுத்தால் மரம் கத்துவதும் வெளியே வரும், பழி என் தலையில் விழும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

கம்பி தளரத் தளர அவன் முறுக்கினான். ஒவ்வொரு ஒத்திகையிலும் கிறீச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. பாடுகிற கிரேஸ் மேரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மரியதாஸ் மைக் கோளாறு என்று வயரை மாற்றினார். விரிசல் ஆணியைத் தாண்டி ஓடியிருந்தது எனக்கு மட்டும் தெரியும்.

தை மாதம் தவளக்குப்பத்தில் அன்னாமேரியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். பகல் கச்சேரி எங்களுடையது. மூன்றாவது பாட்டில் மரம் நீளமாகக் கிறீச்சிட்டது. மைக் வழியாகப் பந்தல் முழுக்கக் கேட்டது. மரியதாஸ் விலகினார். கிரேஸ் மேரி விலகினாள். எல்லாம் தெரிந்த நானும் தபேலாவை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். இன்னாசி மட்டும் கிட்டார் மேல் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தான். தலைப்பக்கம் முறிந்து, ஐந்தாவது கம்பி அவன் கன்னத்தைக் கிழித்துவிட்டது.

பந்தலுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார வைத்து, அன்னாமேரி துண்டால் காயத்தை அழுத்திப் பிடித்தாள்.

"அத்தினி பேரும் நவுந்தாங்க. நீங்க ஏன் நவுரல?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்குக் காது கேக்கலமா," என்றேன். "ரொம்ப நாளாவே கேக்கல. எனக்குத் தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு நிற்கக் கூசியது. துண்டை என் கையில் கொடுத்துவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் தன் வாயால் புருஷன் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அப்பா பெயரைச் சாமியார் கேட்டதற்குக்கூட என்னைத்தான் சொல்லச் சொன்னாள்.

"இன்னாசி," என்றாள்.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் உரக்க, "இன்னாசி," என்றாள்.

துண்டை அழுத்திய என் கைக்குள் அவன் தலை அசையவே இல்லை.